ஆறாம் முறை திறந்த கதவு

1951 அக்டோபர் 3ஆம் தேதி பாபி தாம்சன் அடித்த ஒரே அடியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஒரு பருவம் முழுவதும் கரைந்துபோனதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அதற்குச் சரியாக நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து, 1955 அக்டோபர் 4 அன்று, அதே அணி நியூயார்க் யாங்கீஸை அவர்களுடைய மைதானத்திலேயே வீழ்த்தி, புரூக்ளினுக்கு முதலும் கடைசியுமான வேர்ல்ட் சீரிஸ் பட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த வெற்றியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காட்சியில் போய் நின்றுவிடுவார்கள். ஏழாவது ஆட்டம், ஆறாவது இன்னிங்ஸ். டாட்ஜர்ஸ் 2–0 முன்னிலை. யாங்கீஸுக்கு இரண்டு பேர் பேஸ்களில் நிற்கிறார்கள்; இன்னும் ஒருவரும் அவுட் ஆகவில்லை. ஆட வந்த யோகி பெர்ரா இடதுகைக்காரர், பந்தை வலப்பக்கம் இழுத்து அடிப்பவர். ஆகவே லெஃப்ட் ஃபீல்டில் நின்ற சாண்டி அமோரோஸ் எல்லைக் கோட்டை விட்டு நடுப்பக்கமாக வெகுதூரம் நகர்ந்திருந்தார். பெர்ராவின் பந்து அதற்கு நேர் எதிராக இடப்புற மூலைக்கு வளைந்து போனது. அமோரோஸ் ஓடினார், வேலிக்குப் பக்கத்தில் வலக்கையை நீட்டிப் பிடித்தார், நின்ற இடத்திலிருந்து பீ வீ ரீஸுக்கு எறிந்தார். ரீஸிடமிருந்து பந்து கில் ஹாட்ஜஸுக்குப் போனது. பந்து தரையில் விழும் என்று நம்பி முதல் பேஸை விட்டு ஓடியிருந்த கில் மக்டூகல்ட் திரும்பி வருவதற்குள் அவரும் அவுட். பந்து விழுந்திருந்தால் ஆட்டம் சமனாகியிருக்கும் என்பதில் அன்றும் யாருக்கும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

அதனால் புரூக்ளினின் பட்டத்தை ஒரு கியூபா நாட்டு இளைஞரின் கால் வேகத்தில் கட்டித் தொங்கவிடுவது எளிதாகிவிட்டது. ஐந்து முறை யாங்கீஸிடம் தோற்ற ஓர் அணிக்கு ஆறாம் முறை விதி இரங்கியது என்ற கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வரலாறாக அது போதாது. 1955இல் ஏன் வென்றார்கள் என்ற கேள்வியை அது கேட்கிறது. அதைவிடப் பெரிய கேள்வியான, இத்தனை முறை அந்தக் கதவு வரை எப்படி வந்தார்கள் என்பதைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. இந்தப் பகுதியின் வாதம் இரண்டாம் கேள்வியைப் பற்றியது. 1955இன் பட்டம் அந்த ஆண்டில் சம்பாதித்ததன்று என்பதும், பத்தாண்டுக்கு முன் எடுத்த ஒரு முடிவின் தாமதமான வரவு என்பதும் என் கட்சி.

முதலில் அந்தப் பருவம். அன்றைய லீக் அட்டவணை 154 ஆட்டங்கள் கொண்டது. அதைத் தாண்டி முதலிடம் பிடித்த இரு லீக் அணிகள் மட்டும் ஏழு ஆட்ட வேர்ல்ட் சீரிஸில் மோதும். 1955 ஏப்ரலில் டாட்ஜர்ஸ் முதல் பத்து ஆட்டங்களையும் வரிசையாக வென்றார்கள். முதல் 24இல் 22 வெற்றி. மே மாதமே பந்தயம் முடிந்துவிட்டது என்று சொல்லலாம். செப்டம்பர் 8ஆம் தேதி நேஷனல் லீக் பட்டம் உறுதியானது. அந்த லீக்கில் அதுவரை அவ்வளவு சீக்கிரம் யாரும் பட்டத்தை முடித்ததில்லை. கடைசியில் 98 வெற்றி, 55 தோல்வி. இரண்டாம் இடத்து மில்வாக்கி பிரேவ்ஸ் பதின்மூன்றரை ஆட்டம் பின்னால். டியூக் ஸ்னைடர் 42 ஹோம் ரன் அடித்து 136 ரன்களைக் கொண்டுவந்தார். டான் நியூகம்ப் பிட்சராக 20 வெற்றி, 5 தோல்வி. போதாததற்கு மட்டையாலும் 7 ஹோம் ரன். கேட்சர் ராய் கம்பனெல்லா லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை மூன்றாம் முறையாக வாங்கினார். இத்தனைக்கும் நடுவில், ஆகஸ்ட் 16ஆம் தேதி, அணி உச்சத்தில் இருக்கும்போதே, உரிமையாளர் வால்டர் ஓமாலி அடுத்த ஆண்டு ஏழு சொந்த மைதான ஆட்டங்களை ஆற்றுக்கு அப்பால் ஜெர்சி சிட்டியில் ஆடப்போவதாக அறிவித்தார். அந்த அறிவிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தனிக் கதை. அடுத்த பகுதிக்கு உரியது.

இத்தனை எண்களையும் அடுக்கிய பிறகு, வலிமையான அணி வென்றது, அவ்வளவுதானே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். 1953இல் இதே அணி 105 வெற்றி, 49 தோல்வி என்று இதைவிட நல்ல கணக்கோடு வேர்ல்ட் சீரிஸுக்குப் போய் ஆறு ஆட்டங்களில் யாங்கீஸிடம் தோற்றது. 1952இல் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துத் தோற்றது. வலிமைதான் காரணம் என்றால் 1953இல் வென்றிருக்க வேண்டும். 154 ஆட்டங்கள் ஓர் அணியின் சரக்கை அளக்கும். ஏழு ஆட்டங்கள் ஒரு வாரத்தை அளக்கும். ஒரு வாரத்தில் நல்ல அணி தோற்பது அதிசயமில்லை. கிரிக்கெட்டில் ஒரு முழுப் பருவம் ஆதிக்கம் செலுத்திய அணி ஒரே இறுதியாட்டத்தில் கவிழ்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதும் இல்லை.

அப்படியானால் எல்லாம் அதிர்ஷ்டம்தான் என்று எதிர்க்கட்சி சொல்லும். பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதியைச் சின்னக் கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். யாங்கீஸ் உயர்ந்த அணி, ஒரு தொடரில் டாட்ஜர்ஸ் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 40 மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு முறை போகிற அணிக்கு அந்த 40தான் கையிருப்பு. இரண்டு முறை போனால் ஒன்றிலாவது வெல்லும் வாய்ப்பு 64. ஐந்து முறை போனால் அது 92ஐத் தாண்டிவிடும். எந்த ஆண்டில் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானிக்கலாம். என்றாவது ஒருநாள் என்பதைத் தீர்மானிப்பது எத்தனை முறை போனோம் என்ற எண்ணிக்கை. 1916, 1920, 1941 என்று நாற்பது ஆண்டுக்கு மூன்று முறை எட்டிப்பார்த்த புரூக்ளின், 1947, 1949, 1952, 1953, 1955 என்று ஒன்பதே பருவங்களில் ஐந்து முறை வந்து நின்றது. ஒன்றைத் தவிர மற்றவை தோல்விகள்தாம். ஆனால் "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று புரூக்ளின்காரர்கள் ஆண்டுதோறும் சொன்ன வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் செல்வத்தைக் கவனிக்க வேண்டும். அடுத்த வருஷமும் வருவோம் என்று நம்பக் காரணம் உள்ளவர்கள்தாம் அப்படிச் சொல்ல முடியும். அன்றைய நேஷனல் லீக்கின் எட்டு அணிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சொகுசு கிடையாது.

அந்த 1947 எதன் தொடக்கம் என்பது இத்தொடரின் வாசகருக்குத் தெரியும். 1945 அக்டோபரில், அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜாக்கி ராபின்சன் ஒப்பந்தமானதை அறிவித்தார். ஊக்கத்தொகை 3,500 டாலர், மாதச் சம்பளம் 600. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கறுப்பின வீரர்களுக்கு மூடிக்கிடந்த பெரிய லீக்குகளில் ராபின்சன் 1947 ஏப்ரல் 15 அன்று கால் வைத்தார். இந்தக் கதையை நாம் வழக்கமாக ஒரு மனிதனின் பொறுமையாக மட்டும் படிக்கிறோம். அது அவருக்கு நியாயம்தான். ஆனால் அணி வரலாற்றுக்கு அது பாதிதான். ரிக்கி ஒருவரோடு நிற்கவில்லை. 1946இல் கம்பனெல்லாவையும் நியூகம்பையும் நியூ ஹாம்ப்ஷயரின் நாஷுவா நகரத்துக் கீழ்நிலை அணியில் சேர்த்தார். அந்த அணியின் மேலாளர் வால்டர் ஆல்ஸ்டன். பெரிய லீக்கில் ஒரே ஒரு முறை மட்டை பிடித்து, அதிலும் அவுட்டான மனிதர். ஒன்பது ஆண்டு கழித்து டாட்ஜர்ஸின் மேலாளராக வேர்ல்ட் சீரிஸை வென்றவரும் அவரே. கேட்சரும் முதன்மைப் பிட்சரும் மேலாளரும் ஒரே சிற்றூர் அணியில் ஒன்றாக இருந்தவர்கள். 1955ஐத் தேடுகிறவர் யாங்கீ ஸ்டேடியத்துக்கு முன் நாஷுவாவுக்குப் போக வேண்டும்.

சான்றுக்கு விருதுப் பட்டியலே போதும். சிறந்த புதுமுக வீரர் விருதை டாட்ஜர்ஸில் 1947இல் ராபின்சன், 1949இல் நியூகம்ப், 1952இல் ஜோ பிளாக், 1953இல் ஜிம் கில்லியம் வாங்கினார்கள். நால்வரும் நீக்ரோ லீக்குகளில் ஆடியவர்கள். நேஷனல் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது 1949 முதல் 1959 வரை பதினொரு முறை வழங்கப்பட்டது; ஒன்பது முறை கறுப்பின வீரர்களுக்குப் போனது. ராணுவச் சேவைக்காக நியூகம்ப் 1952, 1953 இரண்டு பருவங்களையும் முழுதாக இழந்தார். அப்போதும் அணி முதலிடம் பிடித்தது. 1954 ஜூலை 17 அன்று களமிறங்கிய ஒன்பது பேரில் ஐவர் கறுப்பின வீரர்கள். அதே வேளையில் பிலடெல்பியா, டெட்ராய்ட், பாஸ்டன் அணிகளில் 1955இலும் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. பாஸ்டன் ரெட் சாக்ஸ் 1946இல் லீக் பட்டம் வென்ற அணி. 1959 வரை கதவைச் சாத்தியே வைத்திருந்தது; அடுத்த பட்டம் 1967இல்.

இதற்கு வலுவான மறுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று, டாட்ஜர்ஸ் ராபின்சன் வருவதற்கு முன்பே நல்ல அணிதானே என்பது. உண்மை. 1946இல் அவர்கள் செயின்ட் லூயிஸுடன் முதலிடத்தில் சமனாக முடித்துக் கூடுதல் ஆட்டங்களில் தோற்றார்கள். உலகப் போரின்போது மற்ற அணிகள் புதியவர்களைச் சேர்ப்பதைக் குறைத்துக்கொண்டபோது ரிக்கி மாகாணம் மாகாணமாகப் பையன்களைத் திரட்டினார். ஹாட்ஜஸும் ஸ்னைடரும் அந்த அறுவடை. ஏழாவது ஆட்டத்தின் இரண்டு ரன்களையும் கொண்டுவந்தவர் ஹாட்ஜஸ் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் இந்த இரண்டும் வெவ்வேறு கொள்கைகள் இல்லை. மற்றவர்கள் தேடாத இடத்தில் தேடுவது என்ற ஒரே புத்திதான் போர்க்காலத்து வெள்ளைப் பையன்களிடமும் நீக்ரோ லீக்குகளிடமும் ரிக்கியைக் கொண்டுபோனது. முதல் தேடலை எந்தப் பணக்கார அணியும் செய்திருக்கலாம். இரண்டாவதற்குத் துணிவும் வேண்டியிருந்தது. அதில் கூட்டம் இல்லாததால் பலனும் அதிகம்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. 1949 முதல் 1953 வரை ஐந்து ஆண்டும் தொடர்ந்து உலகப் பட்டம் வென்ற யாங்கீஸில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லையே? இதை எளிதில் தட்டிவிட முடியாது. யாங்கீஸிடம் பணமும் தேர்வாளர்களும் நிறைய. தவிர, அவர்கள் ஆடிய அமெரிக்கன் லீக்கில் கிளீவ்லாண்டை விட்டால் கதவைத் திறக்க யாரும் அவசரப்படவில்லை. போட்டியாளர்களும் அதே மூடிய சந்தையில் வாங்கும்போது பெரிய பணப்பைதான் ஜெயிக்கும். நேஷனல் லீக்கில் அந்த வசதி 1950இலேயே தீர்ந்துவிட்டது. வெள்ளையர் மட்டுமே கொண்ட அணியாக அந்த லீக் பட்டத்தைக் கடைசியாக வென்றது அந்த ஆண்டின் பிலடெல்பியா பிலீஸ். அதன் பிறகு அப்படி ஒரு அணியும் வரவில்லை. யாங்கீஸின் உதாரணம் பழைய வழியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் காட்டுகிறது. அவர்களுடைய பணம் இல்லாத புரூக்ளினுக்கு அந்த வழி திறந்திருந்ததாகக் காட்டவில்லை.

இனி மறுபடியும் அந்த ஏழாவது ஆட்டத்துக்கு வருவோம். அந்தக் கேட்சை அதிர்ஷ்டம் என்று ஒதுக்குகிறவர்கள் அமோரோஸ் எப்போது களத்துக்கு வந்தார் என்று பார்ப்பதில்லை. ஆறாவது இன்னிங்ஸின் முதல் பாதியில், இன்னும் ஒரு ரன் கிடைக்குமா என்று ஆல்ஸ்டன் இரண்டாம் பேஸ்காரர் டான் ஸிம்மரை எடுத்துவிட்டு ஜார்ஜ் ஷூபாவை மட்டை பிடிக்க அனுப்பினார். ஷூபா அவுட். ஆனால் இரண்டாம் பேஸ் காலி. லெஃப்ட் ஃபீல்டில் நின்ற கில்லியம் அங்கே இறங்கினார். கில்லியம் விட்ட இடத்துக்கு அமோரோஸ் போனார். சில நிமிஷத்தில் பந்து அவரைத் தேடி வந்தது. கில்லியம் வலதுகையால் எறிபவர், ஆகவே கையுறை இடக்கையில். கோட்டை நோக்கி ஓடிவரும்போது அவர் அந்தக் கையை உடம்புக்குக் குறுக்கே திருப்ப வேண்டியிருந்திருக்கும். இடதுகைக்காரரான அமோரோஸுக்குக் கையுறை வலக்கையில், கோட்டுப் பக்கமாகவே இருந்தது. ஒரே ஆட்டத்தில் வெளிக்களத்திலும் இரண்டாம் பேஸிலும் ஆடத் தெரிந்த கில்லியமும், பெஞ்சில் உட்கார்ந்திருந்த அமோரோஸும் ரிக்கி திறந்த கதவு வழியாக வந்தவர்கள். ஒருவர் பால்டிமோர் ஈலைட் ஜயண்ட்ஸிலிருந்து, மற்றவர் நியூயார்க் கியூபன்ஸிலிருந்து. பந்து அந்த மூலைக்குப் போனது தற்செயல். அங்கே போய்ச் சேரக்கூடிய ஒருவர் பெஞ்சில் இருந்தது தற்செயல் இல்லை.

அந்தத் தொடர் முழுவதும் இதே கதைதான். 20 ஆட்டம் வென்ற நியூகம்ப் முதல் ஆட்டத்தில் அடி வாங்கி அத்தோடு சரி, மறுபடி பந்தே வீசவில்லை. முதல் இரண்டு ஆட்டங்களும் போயின. ஏழு ஆட்டத் தொடரில் அப்படித் தொடங்கிப் பட்டம் வென்ற அணி அதுவரை இல்லை. ஆல்ஸ்டன் முதல் ஆறு ஆட்டங்களையும் ஆறு வெவ்வேறு பிட்சர்களைக் கொண்டு தொடங்கினார்: நியூகம்ப், லோஸ், போட்ரெஸ், எர்ஸ்கின், கிரெய்க், ஸ்பூனர். ரோஜர் கிரெய்க் ஜூலையில்தான் கீழ்நிலை அணியிலிருந்து மேலே வந்தவர். ஐந்தாவது ஆட்டத்தை வென்றார். ஜானி போட்ரெஸ் பருவக் கணக்கில் 9 வெற்றி, 10 தோல்வி. மூன்றாவது ஆட்டத்தைத் தன் 23ஆம் பிறந்தநாளில் வென்றார். ஏழாவது ஆட்டத்தில் 62,465 பேர் முன்னிலையில் எட்டு ஹிட் கொடுத்தும் ஒரு ரன் கொடுக்கவில்லை. ஒரு நட்சத்திரம் அணைந்தால் இன்னொன்றைத் தேடும் அளவுக்குக் கிடங்கு நிரம்பியிருந்தது. எவ்வளவு நிரம்பியிருந்தது என்றால், 1954 நவம்பரில் இவர்களுடைய மான்ட்ரியால் கிளை அணியிலிருந்த ராபர்ட்டோ கிளமென்ட்டைப் பிட்ஸ்பர்க் தட்டிக்கொண்டு போனது. இழப்பு உடனே தெரியக்கூட இல்லை. பிட்ஸ்பர்க்கில் அப்போது பொறுப்பிலிருந்தவர் வேறு யாருமல்ல, 1950இல் புரூக்ளினை விட்டு வெளியேறிய ரிக்கியேதான். தன் பழைய அணி உலகப் பட்டம் வென்ற ஆண்டில் அவருடைய புது அணி லீக்கில் கடைசி இடம்.

மிக்கி மேண்டில் காயத்தோடு மூன்று ஆட்டங்களில்தான் தலைகாட்டினார், அவர் முழுதாக ஆடியிருந்தால் என்று ஒரு வாதம் நியூயார்க் பக்கம் உண்டு. இருக்கலாம். புரூக்ளினும் நியூகம்பை இழந்துதான் ஆடியது. இருந்தால் என்ற கணக்கு இரண்டு பக்கமும் எழுதப்பட வேண்டும்.

இந்த வரவுக் கணக்கில் ஒரு பற்றும் இருக்கிறது. டாட்ஜர்ஸ் புகழ் பாடும் நூல்கள் அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிடும். ராபின்சனுக்காக மொனார்க்ஸ் அணிக்கு ரிக்கி ஒரு டாலரும் கொடுக்கவில்லை. நியூகம்புக்காக நியூவர்க் ஈகிள்ஸுக்கும் கொடுக்கவில்லை. அந்த லீக்குகள் ஒழுங்கான அமைப்புகளே இல்லை, அவற்றின் ஒப்பந்தங்கள் செல்லாது என்பது அவர் சொன்ன நியாயம். ஈகிள்ஸின் உரிமையாளர்களில் ஒருவரான எஃபா மேன்லி இதைக் கொள்ளை என்றே கருதி வெளிப்படையாக எதிர்த்தார். 1947இல் லாரி டோபியை எடுத்துக்கொண்ட கிளீவ்லாண்ட் அவருக்கு 15,000 டாலர் கொடுத்தது. ஆகவே கொடுக்க முடியாததில்லை. ரசிகர்கள் ராபின்சனைப் பார்க்க எபெட்ஸ் ஃபீல்டுக்குப் போனார்கள். நீக்ரோ லீக் மைதானங்கள் காலியாயின. 1948 பருவத்தோடு நீக்ரோ நேஷனல் லீக் கலைந்தது, மேன்லி அணியை விற்றார். கம்பனெல்லா, கில்லியம், பிளாக் மூவரையும் வளர்த்துக் கொடுத்த பால்டிமோர் அணிக்கு 1955இன் வெற்றியில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. கதவைத் திறந்தது தர்மமா வியாபாரமா என்று ரிக்கியைப் பற்றி நெடுங்காலமாக விவாதிக்கிறார்கள். இரண்டும்தான், விலை கொடுக்காமல் எடுத்த இடத்தில் வியாபாரம் தர்மத்தைவிட ஓரடி முன்னால் நடந்தது என்பது என் எண்ணம். தாமதமாக வந்த அந்த வரவின் முதலில் ஒரு பகுதி பிறர் பணம்.

முதல் ஆட்டத்தில் ஹோம் பேஸைத் திருடி ஓடி, பெர்ராவைக் குதித்துக் கத்தவைத்த 36 வயது ராபின்சன், ஏழாவது ஆட்டத்தில் இறங்கவில்லை. அவருடைய மூன்றாம் பேஸில் டான் ஹோக் நின்றார். தொடங்கிவைத்தவர் பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸுக்கு இரண்டு அவுட் ஆகிவிட்டது. கடைசியாக மட்டை பிடிக்க வந்தவர் எல்ஸ்டன் ஹோவர்ட். ராபின்சன் களமிறங்கி எட்டு ஆண்டு கழித்து, அந்த ஏப்ரலில்தான், யாங்கீஸ் தங்கள் அணியில் ஆடவிட்ட முதல் கறுப்பின வீரர். அவர் தட்டிய பந்து தரையோடு ரீஸிடம் போனது. ரீஸ் எடுத்துக் கொஞ்சம் தாழ்வாக எறிந்தார். ஹாட்ஜஸ் குனிந்து பிடித்துக்கொண்டார்.

(தொடரும்)